டிரெஸ்டனில் 60,000 யூரோ சம்பளம்: பினாங்குக் குடும்பத்தின் கையில் எவ்வளவு நிற்கும்?

கேட்கப்பட்டது இது: பாயான் லெப்பாஸில் சிப் சோதனைப் பிரிவில் பொறியாளர், வயது 34, மாதச் சம்பளம் 9,000 ரிங்கிட். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஆண்டுக்கு 60,000 யூரோவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மனைவிக்கு இப்போது வேலை இல்லை, நான்கு வயதில் ஒரு மகள். சிம்பாங் அம்பாட்டில் உள்ள வீட்டுக்குக் கடன் தவணை 1,800 ரிங்கிட், அப்பா அம்மாவுக்கு மாதம் 1,000, பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு 200. கார் கடன் இன்னும் மூன்று வருஷம். போகலாமா? போனால் கையில் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

போகலாம். ஆனால் 60,000-ஐ 4.80-ஆல் பெருக்கி, மாதம் 24,000 ரிங்கிட் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அந்த 24,000 உங்கள் கையைத் தொடாது. யூரோவில் வருவதில் யூரோவில் செலவாவதைக் கழித்துவிட்டு, மாதக் கடைசியில் மிஞ்சுவதை மட்டும் ரிங்கிட்டாக மாற்றிப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் படம் வேறாகத் தெரியும். கீழே உள்ளது 2025ஆம் ஆண்டு விகிதங்களை வைத்துப் போட்ட கணக்கு. ஜெர்மனியில் ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த எண்கள் கொஞ்சம் நகரும்.

மாதச் சம்பளம் 5,000 யூரோ. முதலில் கழிவது சமூகக் காப்புறுதி. ஓய்வூதியத்துக்கு 9.3 விழுக்காடு, அதாவது 465 யூரோ. வேலையின்மைக் காப்புறுதிக்கு 1.3, அதாவது 65. மருத்துவக் காப்புறுதிக்கு 7.3, அதன்மேல் நிதியத்துக்கு நிதியம் மாறும் கூடுதல் பங்கில் பாதி. சராசரிக் கூடுதல் பங்கான 2.5-ஐ எடுத்தால் மொத்தம் 8.55 விழுக்காடு, 427.50 யூரோ. முதுமைப் பராமரிப்புக் காப்புறுதி மற்ற மாநிலங்களில் குழந்தை உள்ளவருக்கு 1.8 விழுக்காடுதான். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனியில் மட்டும் 2.3. 1995இல் இந்தக் காப்புறுதி வந்தபோது, முதலாளிகளின் செலவை ஈடுகட்ட மற்ற மாநிலங்கள் ஒரு பொது விடுமுறையை விட்டுக்கொடுத்தன. சாக்சனி விடுமுறையை விடவில்லை. அதற்குப் பதிலாகத் தொழிலாளி அரை விழுக்காடு கூடுதலாகக் கட்டுகிறார். உங்களுக்கு 115 யூரோ. ஆக, வரிக்கு முன்பே 1,072 யூரோ போய்விடும்.

இதில் ஒரு நல்ல விஷயம், சம்பாதிக்காத மனைவியும் மகளும் உங்கள் அரசு மருத்துவக் காப்புறுதியிலேயே இலவசமாகச் சேர்ந்துகொள்வார்கள். தனியார் மருத்துவக் காப்புறுதி மலிவு என்று யாராவது வந்து பேசினால் காது கொடுக்க வேண்டாம். ஆண்டுச் சம்பளம் 73,800 யூரோவைத் தாண்டாத ஊழியர் 2025இல் அதற்குப் போகவே முடியாது. முடிந்தாலும், ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது சரிவராது, ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும்.

அடுத்தது வருமான வரி. பலர் சறுக்குவது இங்கேதான். ஜெர்மனியில் சம்பள வரி பிடிப்பதற்கு ஆறு வகுப்புகள் உண்டு. மனைவி ஜெர்மனியில் உங்களோடு பதிவாகியிருந்து, நீங்கள் மூன்றாம் வகுப்பும் அவர் ஐந்தாம் வகுப்பும் எடுத்தால், மாத வரி சுமார் 418 யூரோ. கைக்கு வருவது ஏறக்குறைய 3,510. மனைவியும் மகளும் ஆறு மாதம் கழித்து வரட்டும் என்று பினாங்கிலேயே விட்டுவிட்டுப் போனால் உங்களுக்கு முதல் வகுப்புதான். வரி சுமார் 799, கைக்கு 3,128. மாதம் 380 யூரோ வித்தியாசம். அவர்கள் அதே ஆண்டு டிசம்பருக்குள் வந்து பதிவு செய்துவிட்டால், மறு ஆண்டு இருவரும் கூட்டாக வரிக்கணக்குத் தாக்கல் செய்து அந்த ஆண்டு முழுவதற்கும் தம்பதி வரியைக் கேட்கலாம். கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும். ஜனவரி 2ஆம் தேதி வந்தால் போன ஆண்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் குடும்பத்தின் விமான டிக்கெட்டை நவம்பரில் போடுவதா ஜனவரியில் போடுவதா என்பதும் வரிக் கேள்விதான்.

இன்னொன்று, மூன்றாம் வகுப்பு தானாக வராது. இருவரும் பதிவு செய்ததும் நிதி அலுவலகம் நான்கு-நான்கு என்றுதான் வைக்கும். மாற்றச் சொல்லி எல்ஸ்டர் இணையவாசல் வழியாக நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். மனைவி பிறகு வேலைக்குப் போனால் ஐந்தாம் வகுப்பில் அவர் சம்பளத்தில் வரி கடுமையாகப் பிடிக்கும். "இவ்வளவு வேலை செய்தும் இவ்வளவுதானா" என்று அவர் மனம் உடையாமல் இருக்க, அப்போது நான்கு-நான்குக்குத் திரும்பிவிடுங்கள். ஆண்டு முடிவில் குடும்பம் கட்டும் மொத்த வரி எந்த வகுப்பானாலும் ஒன்றுதான். மாதாமாதம் யார் கையில் எவ்வளவு வருகிறது என்பது மட்டும் மாறும்.

பதிவுப் படிவத்தில் சமயம் என்ன என்று கேட்கும். கத்தோலிக்கர் என்றோ புரொட்டஸ்டன்ட் என்றோ எழுதினால் தேவாலய வரி பிடிப்பார்கள். பவேரியா, பாடன்-வூட்டம்பர்க் இரண்டிலும் வருமான வரியில் 8 விழுக்காடு, மற்ற மாநிலங்களில் 9. ஒரு குழந்தையோடு மூன்றாம் வகுப்பில் இருப்பவருக்கு இது மாதம் 20 யூரோவை ஒட்டி வரும். தனியாளுக்கு 70 யூரோவைத் தாண்டும். பினாங்குக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும். இந்துக்களுக்கு இந்த வரி இல்லை.

மகளுக்குக் கிண்டர்கெல்ட் என்ற குழந்தைத் தொகை மாதம் 255 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 259. இதுவும் தானாக வராது. பின்தேதியிட்டு ஆறு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள். ஒரு வருஷம் கழித்து விண்ணப்பித்தால் 1,500 யூரோ போனது போனதுதான். ஆக, குடும்பத்தோடு இருக்கும்போது மாத வரவு 3,510 கூட்டல் 255, மொத்தம் 3,765 யூரோ.

இனி செலவு. டிரெஸ்டனில் 70 சதுர மீட்டர் வீட்டுக்கு, சூடேற்றமும் தண்ணீரும் சேர்ந்த வாடகை 980 யூரோ என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் 75, அங்கே ஒரு யூனிட் 35 முதல் 40 சென்ட், கிட்டத்தட்ட 1.80 ரிங்கிட், நம் டிஎன்பி கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது. இணையம் 40. டிவி, ரேடியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்றாகக் கட்டும் ஒலிபரப்புக் கட்டணம் 18.36. வீட்டில் சமைத்தால் மளிகை 600. நாடு முழுவதும் பேருந்து, டிராம், உள்ளூர் ரயிலில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் ஆளுக்கு 58, இருவருக்கு 116 (2026இல் ஆளுக்கு 63). ஆறு வயதுக்குட்பட்ட மகளுக்கு டிக்கெட் வேண்டாம். கீட்டா என்னும் பாலர் பள்ளிக்குச் சாப்பாட்டோடு 230 ஒதுக்குங்கள். பெர்லினில் கீட்டாவுக்குக் கட்டணம் இல்லை, சாக்சனியில் உண்டு. கைப்பேசி 30. பிறர் பொருளுக்கு நாம் சேதம் செய்தால் ஈடுகட்டும் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் காப்புறுதி மாதம் 6 யூரோதான், அதை விடவே கூடாது. துணிமணி, மருந்து, பள்ளிச் செலவு, எதிர்பாராதது என்று 250. இரண்டு ஆண்டுக்கொருமுறை மூவரும் ஊருக்கு வந்துபோக மாதம் 150 எடுத்துவையுங்கள். மொத்தம் ஏறக்குறைய 2,495.

மிச்சம் 1,270 யூரோ. 4.80 வீதம் 6,096 ரிங்கிட். அதில் வீட்டுக் கடன், பெற்றோர், பிடிபிடிஎன் மூன்றுக்கும் 3,000 போனால் 3,100-ஐ ஒட்டி நிற்கும்.

இதே 60,000 மியூனிக்கில் என்றால்? கைக்கு வருவது சுமார் 18 யூரோ கூடுதல். வீட்டு வாடகை 1,800. மிச்சம் 470 யூரோவுக்குக் கீழே, சுமார் 2,240 ரிங்கிட்; ஊருக்கு அனுப்ப வேண்டிய 3,000-க்கே மாதம் 750 ரிங்கிட் துண்டு விழும். "ஜெர்மனிக்குப் போனால் லாபமா" என்ற கேள்விக்கு நாட்டை வைத்துப் பதில் சொல்ல முடியாது, நகரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். மியூனிக்கில் ஒரே சம்பளத்துக்கு 60,000 தந்தால், நானாக இருந்தால் கூடுதலாகக் கேட்பேன், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவேன்.

இப்போது யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று. பினாங்கில் 9,000 சம்பளத்தில் உங்கள் 11 விழுக்காடு 990, முதலாளியின் 12 விழுக்காடு 1,080, ஆக மாதம் 2,070 ரிங்கிட் உங்கள் பெயரில் ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் விழுகிறது. 2024க்கு அது 6.30 விழுக்காடு ஈவு கொடுத்தது. ஜெர்மனிக்குப் போன நாளிலிருந்து இது நின்றுவிடும். அங்கே ஓய்வூதியத்துக்குக் கட்டும் 465 யூரோ உங்கள் பெயரில் சேரும் உண்டியல் அல்ல. இன்று வேலை செய்பவர் கட்டுவது இன்று ஓய்வு பெற்றவருக்குப் போகிறது. உங்களுக்குக் கிடைப்பது புள்ளிகள். 2025இல் சராசரிச் சம்பளமாக எடுத்துக்கொள்ளப்படுவது 50,493 யூரோ. அவ்வளவு சம்பாதித்தால் ஆண்டுக்கு ஒரு புள்ளி. 60,000-க்கு 1.19 புள்ளி. 2025 ஜூலையிலிருந்து ஒரு புள்ளியின் மதிப்பு மாதம் 40.79 யூரோ. அதாவது, ஓராண்டு உழைப்பு 67 வயதில் மாதம் 48 யூரோ ஓய்வூதியமாகும். ஐந்தாண்டு வேலை செய்தால் இன்றைய மதிப்பில் மாதம் சுமார் 240 யூரோ. அதே ஐந்தாண்டில் பினாங்கில் ஈவைச் சேர்க்காமலே 124,200 ரிங்கிட் இபிஎஃப்பில் சேர்ந்திருக்கும்.

அதனால் மேலே மிஞ்சிய 3,100 ரிங்கிட்டை லாபம் என்று நினைக்காதீர்கள். அதில் 2,070 ஏற்கெனவே உங்களுக்கு இங்கே சேர்ந்துகொண்டிருந்ததுதான். வெளிநாட்டில் இருந்தாலும் சொந்தமாக இபிஎஃப்பில் ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை கட்டலாம். முதல் மாதத்திலிருந்தே, கை நிறையக் காசு புரளும் மயக்கம் வருவதற்கு முன்பே, 400 யூரோவை, வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் நிலையான உத்தரவாக அனுப்பிவிடுங்கள். பழைய சேமிப்பை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: வெளிநாட்டு வேலையைக் காட்டி இபிஎஃப்பை முழுதாக எடுக்க முடியாது. குடியுரிமையைத் துறப்பவர்களுக்கே அந்த வழி. பணம் அங்கேயே இருந்து ஈவு வாங்கட்டும்.

இதையெல்லாம் போட்டுப் பார்த்தால் என் கணிப்பு: முதல் இரண்டு வருஷம் பணத்தளவில் பெரிய வித்தியாசம் இராது. மனைவி சம்பாதிக்கத் தொடங்கும் நாளிலிருந்துதான் கணக்கு உண்மையில் திரும்பும். ப்ளூ கார்டு (தகுதிபெற்ற வெளிநாட்டு ஊழியருக்கான வசிப்பு அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் உரிமை உண்டு. விசாவுக்கு முன்கூட்டி ஜெர்மன் மொழித் தேர்வும் கேட்பதில்லை. ஆனால் டிரெஸ்டனில் ஜெர்மன் இல்லாமல் அலுவலக வேலை கிடைப்பது கடினம். பினாங்கில் இருக்கும்போதே மனைவியும் நீங்களும் மொழி வகுப்பைத் தொடங்குங்கள். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ப்ளூ கார்டில் நிரந்தர வசிப்புரிமை ஏ1 என்ற தொடக்க நிலை மொழிக்கு 27 மாதத்தில், பி1 என்ற இடைநிலைக்கு 21 மாதத்தில் கிடைக்கும். தொடக்கத்தில் மினிஜாப் என்ற சிறு வேலையும் போதும். 2025இல் மாதம் 556 யூரோ வரை அவர் கையில் வரியில்லாமல் நிற்கும், 2026இல் 603. ப்ளூ கார்டுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 48,300, 2026இல் 50,700. உங்கள் 60,000 அதைத் தாண்டுகிறது.

கையில் எவ்வளவு கொண்டுபோவது? சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். முதல் ஒன்றிரண்டு மாதம் சாமான்களோடு கூடிய தற்காலிக வீட்டில் இருக்க வேண்டும், அது மாதம் 1,400 முதல் 1,800 யூரோ. பிறகு நிரந்தர வீட்டுக்கு வைப்புத்தொகை. அங்கே இரண்டு வாடகை உண்டு. கால்ட்மீட்டே என்பது வெறும் வீட்டுக்கு, வார்ம்மீட்டே என்பது சூடேற்றம், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. வைப்புத்தொகை கால்ட்மீட்டேயைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது; மூன்று தவணையாகக் கட்டும் உரிமையும் சட்டத்திலேயே இருக்கிறது. 750 கால்ட்மீட்டே என்றால் 2,250.

வீட்டைப் பார்த்துவிட்டு அடுப்பு எங்கே என்று தேடாதீர்கள். ஜெர்மன் வாடகை வீடுகள் பலவற்றில் சமையலறை என்பது நான்கு சுவரும் தண்ணீர்க் குழாயும்தான். அலமாரி, கழுவுதொட்டி, அடுப்பு, சில சமயம் மேலே தொங்கும் விளக்குகூட முந்தைய குடியிருப்பாளர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். புதிதாகப் போட 2,000 முதல் 4,000 யூரோ. முந்தையவர் விட்டுப்போகிறேன் என்றால் பேசி விலைக்கு வாங்கிக்கொள்வது மேல். விளம்பரத்தில் சமையலறை சேர்த்தி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, மாதம் 50 யூரோ கூடினாலும் அதையே எடுங்கள். மூன்று பேருக்குக் குளிர்காலக் கோட்டு, பூட்ஸ் 500. கட்டில், மெத்தை, சலவை இயந்திரம் 1,500. எல்லாம் கூட்டினால், விமான டிக்கெட் தவிர்த்து 10,000 முதல் 12,000 யூரோ வேண்டும். ரிங்கிட்டில் 48,000 முதல் 58,000. நிறுவனம் இடமாற்றச் செலவு தருகிறதா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். பின்னால் ரசீதைக் காட்டித் தருவோம் என்றால் அந்தப் பணத்தை முதலில் நீங்கள்தான் போட வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். இவ்வளவையும் ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டாம். ஐரோப்பிய எல்லையில் 10,000 யூரோவும் அதற்கு மேலும் இருந்தால் அறிவிக்க வேண்டும்.

வீடு பார்க்கும்போது ஷூஃபா என்ற கடன் நாணய அறிக்கையைக் கேட்பார்கள். புதிதாக வருபவருக்கு அது காலியாக இருக்கும். அதற்கு ஈடாக வேலை ஒப்பந்தம், பினாங்கு முதலாளியின் கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், புதிய நிறுவனத்தின் கடிதம் மூன்றையும் ஒரே கோப்பாக வைத்திருங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு சென்ட்டும் அனுப்பக் கூடாது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், வைப்புத்தொகை வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புவார் என்ற பேச்சு எப்போதும் மோசடிதான், எவ்வளவு அழகான படம் இருந்தாலும்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் கட்டாயம். தற்காலிக வீட்டுக்காரர் அந்தக் கடிதம் தருவாரா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பதிவு இல்லாவிட்டால் வரி எண் தபாலில் வராது. வரி எண் இல்லாவிட்டால் முதல் சம்பளத்தையே ஆறாம் வகுப்பில், மிக உயர்ந்த விகிதத்தில் வெட்டக்கூடும். பிறகு திரும்பி வரும் பணம்தான், ஆனால் கையில் காசு இறுகும் அந்த முதல் மாதத்தில் அது வலிக்கும். தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் போடமாட்டார்.

பெயர் என்றதும் நம் தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம் கடப்பிதழில் குடும்பப் பெயர் கிடையாது, நடுவில் "அனாக் லெலாக்கி" (மகன்) என்பதன் சுருக்கக் குறி வேறு. ஜெர்மன் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் கட்டாயம் கேட்கும். விசாவில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, காப்புறுதியில் ஒரு மாதிரி எழுதிவிட்டால் பின்னால் தலைவலி. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ வட்டார வங்கிகள் பணம் அனுப்பும்போது பெறுபவர் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று சரிபார்த்துச் சொல்கின்றன. சம்பளப் பட்டியலில் ஒரு பெயரும் வங்கியில் இன்னொன்றும் இருந்தால் எச்சரிக்கை எழும். விசா ஒட்டியில் எப்படிப் பிரித்து எழுதினார்களோ, அந்த ஒரே வடிவத்தை எல்லா இடத்திலும் எழுத்துப் பிசகாமல் வையுங்கள்.

வார்ம்மீட்டேயில் உள்ள சூடேற்றக் கட்டணம் முன்பணம் மட்டுமே. ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் உண்மையான கணக்கு வரும். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள் சன்னலைச் சாய்த்துத் திறந்துவைத்துவிட்டு ஹீட்டரையும் ஐந்தில் வைப்பார்கள். பல நூறு யூரோ பாக்கி என்று கடிதம் வரும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் சன்னலை முழுதாகத் திறந்து மூடுங்கள், மற்ற நேரம் மூடியே இருக்கட்டும்.

மலேசியப் பக்கம் முடிக்க வேண்டியவை. மூன்று மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போகும் ஊழியரைப் பற்றி முதலாளி 30 நாளுக்கு முன் சிபி21 படிவத்தில் வருமான வரி வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். வரி தீர்வுக் கடிதம் வரும்வரை, 90 நாள் வரை, கடைசிச் சம்பளத்தையும் விடுப்புப் பணத்தையும் நிறுத்திவைக்க வேண்டும். அந்தக் கடைசிச் சம்பளத்தை நம்பி டிக்கெட் வாங்கியவர்கள் திண்டாடுவார்கள். ராஜினாமா கடிதத்தோடேயே மனிதவளப் பிரிவில் இதைத் தொடங்கச் சொல்லுங்கள். மார்ச்சில் கிளம்பினால் அந்த ஆண்டு 182 நாள் இல்லையே என்று பயப்பட வேண்டாம். முந்தைய ஆண்டில் தொடர்ச்சியாக 182 நாளோ மேலோ இங்கே இருந்த காலத்தோடு இணைந்திருந்தால் அந்த ஆண்டுக்கும் நீங்கள் வரி வசிப்பாளரே.

அடுத்த ஆண்டிலிருந்துதான் கவனம். சிம்பாங் அம்பாட் வீட்டை மாதம் 1,200-க்கு வாடகைக்கு விட்டால், வசிப்பாளர் அல்லாதவருக்கு நிகர வாடகையில் ஒரே விகிதமாக 30 விழுக்காடு வரி; தனிநபர் கழிவுகள் எதுவும் கிடையாது. ஆனால் நிகரம் என்பதைக் கவனியுங்கள். ஆண்டு வாடகை 14,400-இல் கடன் வட்டி 10,800-ம், மதிப்பீட்டு வரி, நில வரி, தீக்காப்புறுதிக்கு 900-ம் கழித்தால் 2,700தான். வரி 810 ரிங்கிட். வங்கியின் வட்டிச் சான்றையும் பழுதுபார்த்த ரசீதுகளையும் பத்திரப்படுத்தினால் இது சுமையே அல்ல. ரசீது இல்லாதவருக்குத்தான் கணக்கு ஏறும். ஜெர்மனியில் வசிப்பவர் உலக வருமானம் அனைத்தையும் அங்கே காட்ட வேண்டும். இங்கே வரியில்லாத நிலையான வைப்பு வட்டிக்கும் அங்கே மூலதன வரி உண்டு. இருவரும் சேர்ந்தால் ஆண்டுக்கு 2,000 யூரோ வரை விலக்கு.

காரை விற்றுவிடுங்கள். ஹயர் பர்ச்சேஸ் என்னும் கார் கடனில் ஆரம்ப ஆண்டுகளில் வட்டிப் பங்கு கூடுதலாகக் கழிந்திருக்கும். வங்கியிடம் முழுத் தீர்வுத் தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே வாங்குபவரிடம் விலை பேசுங்கள். பிடிபிடிஎன்னுக்கும் வீட்டுக் கடனுக்கும் தானியங்கிக் கழிப்பு போட்டு, அந்தக் கணக்கில் ஆறு மாதத் தவணையை முன்கூட்டியே வையுங்கள். தவணை தவறினால் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் ஏறி, திரும்பி வரும்போது கடன் வாங்க முடியாமல் போகும். மலேசியக் கைப்பேசி எண்ணை ப்ரீபெய்டாக மாற்றி உயிரோடு வைத்திருங்கள். வங்கிக்கும் இபிஎஃப்புக்கும் உறுதி எண்கள் அந்த எண்ணுக்குத்தான் வரும். அது செத்துவிட்டால் அங்கிருந்து எதையும் அசைக்க முடியாது.

வேலை நிலவரத்தையும் கண் திறந்து பாருங்கள். ஜெர்மன் பொருளாதாரம் 2023, 2024 இரண்டு ஆண்டிலும் சுருங்கியது. ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35,000 பேரைக் குறைக்க 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு செய்தது. இன்டெல் மாக்டபூர்க்கில் கட்டவிருந்த ஆலையை 2025 ஜூலையில் கைவிட்டது. டிரெஸ்டன் ஒப்பீட்டில் நல்ல இடம். இன்ஃபினியன், போஷ், குளோபல்ஃபவுண்ட்ரீஸ் மூன்றும் அங்கே இருக்கின்றன. டிஎஸ்எம்சி கூட்டு ஆலைக்கு 2024 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். ஒரு வேலை போனாலும் அதே ஊரில் இன்னொரு வாசலைத் தட்டலாம், வீடு மாற்ற வேண்டியதில்லை.

ஆனாலும் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், இரண்டு வார அறிவிப்பில் அனுப்பிவிடலாம். வேலையின்மைப் பணம் கிடைக்க முப்பது மாதத்தில் குறைந்தது பன்னிரண்டு மாதம் கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால், குழந்தை உள்ளவருக்கு நிகரச் சம்பளத்தில் 67 விழுக்காடு. முதல் வருஷத்தில் அந்தக் குடை இல்லை. அதனால் பயணத்துக்குக் கொண்டுபோகும் பணம் வேறு, ஆறு மாத ஜெர்மன் செலவுக்கும் மூவரின் திரும்பும் டிக்கெட்டுக்கும் இங்கே வைப்பில் விட்டுப்போகும் பணம் வேறு. இரண்டாவது இல்லாமல் குடும்பத்தோடு கிளம்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஓராண்டு தள்ளிப்போட்டுச் சேர்த்துக்கொண்டு போவது மேல். வேலைநீக்கக் கடிதம் வந்தால் மூன்று நாளுக்குள் வேலைவாய்ப்பு முகமையில் பதிவு செய்யுங்கள். தவறினால் ஒரு வாரப் பணம் போகும்.

நாணய மாற்று விகிதமும் உங்கள் கணக்கை ஆட்டும். 2024 பிப்ரவரியில் ஒரு யூரோவுக்கு 5.10 ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் சுமார் 4.60. உங்கள் 1,270 யூரோவை 4.50-ஆல் பெருக்கினால் 5,715. கடமைகள் போக 2,715. அப்போதும் குடும்பம் ஓடும் என்பதால்தான் டிரெஸ்டனுக்குப் போகலாம் என்றேன். பெற்றோருக்கும் கடனுக்கும் உள்ள பணத்தை மாதாமாதம் அனுப்புங்கள், விகிதம் ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, திரும்பி வரும் தேதி. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் ஏற்கிறது என்பதால் ஜெர்மன் கடப்பிதழ் எடுத்தால் இழப்பது நம்முடையதைத்தான். மலேசியராகவே திரும்பினால் 60 மாதக் கோட்டைப் பாருங்கள். 60 மாதம் ஓய்வூதியம் கட்டியவருக்கு 67 வயதில் மாத ஓய்வூதிய உரிமை பிறக்கிறது, பினாங்கில் இருந்தே வாங்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால், ஐரோப்பாவை விட்டு 24 மாதம் கழித்து உங்கள் பங்கை மட்டும், வட்டியில்லாமல் திருப்பிக் கேட்கலாம். முதலாளியின் பங்கு அங்கேயே நிற்கும். அதனால் 57ஆம் மாதத்தில் திரும்ப நினைத்தால் மூன்று மாதம் பொறுத்து, 60-ஐ முடித்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் மலேசியரைத் திரும்ப அழைக்கும் டேலண்ட்கார்ப்பின் ரிட்டர்னிங் எக்ஸ்பர்ட் திட்டத்தில் தேர்வானால் இங்கே ஐந்தாண்டுக்கு ஒரே விகிதமாக 15 விழுக்காடு வரி. அதற்கு டிரெஸ்டனில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும், பாயான் லெப்பாஸில் வந்து இறங்கிய பிறகு அல்ல.